மண்டப டிவியில் மாட்டிய மண்டையோடு

சாஆ ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் முன்பெல்லாம் ஜனங்கள் தேங்காய் பழத்தோடு கோயிலுக்குப் போவார்கள். இப்போது கம்ப்யூட்டரோடு போகிறார்கள். மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் கைலியால் கட்டிய பெட்டி, பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் லேப்டாப், ஆளுக்கு மூன்று எலுமிச்சம்பழம். கோயில் மண்டபத்து வாசலில் செருப்பு விட இடமில்லை.

எல்லாம் சைபர் சித்தர் ரூபேந்திரன் சுவாமிகளின் மகிமை! ஆன்டிவைரசுக்கு அசையாத வைரசை அடியோடு விரட்டுகிறவர். "ஆன்டிவைரஸ் வெள்ளைக்காரன் செஞ்சது. நம்ம ஊர்ப் பேய்க்கு அவன் பாஷை புரியுமா?" என்று கேட்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். போன வருஷம் வரை இதே ஆள் சந்தையில் கைப்பேசி உறை விற்றார். காவி கட்டினால் ஊருக்கே மறதி வந்துவிடும் போலிருக்கிறது.

வரிசையில் நின்ற ஐயாசாமிக்குக் கால் கடுத்தது. முப்பது வருஷம் செம்பனைக் குலை லோரி ஓட்டிய கால். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பக்கத்தில் மருமகன் ஹேமநாதன், தொழிற்சாலையில் என்ஜினியர். பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி மகள் வாசுகி. அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

வாசுகியின் அச்சுக்கடையே அந்தப் பெட்டிதான். கல்யாணக் கார்டுகள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் எல்லாம் அதற்குள். ஒரு வைரஸ் புகுந்துகொண்டது. அழித்தால் மறுநாள் காலையில் திரும்பி வந்து உட்கார்ந்தது. சுவாமிகளிடம் இரண்டு வெள்ளிக்கிழமை காட்டியாகிவிட்டது. இது மூன்றாவது. மூன்றாம் தடவையும் வந்தால் அது உக்கிரப் பேய். பெட்டியையே சுவாமிகளிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் வேனில் ஏற்றிக்கொண்டு போய், கெலாங் பாத்தா பக்கம் கடலில் கரைத்துவிடுவார்.

"சிகாமட்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில அந்தப் பொண்ணு பிரவீனா கொண்டுவரச் சொல்லுச்சே, மாப்பிள்ளை. அங்க போயிருக்கலாம்ல?"

"மாமா, இது சாதாரண வைரஸ் இல்ல. நீங்க படிக்காதவங்க, உங்களுக்குப் புரியாது லா."

"அதுவும் சரிதான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நம்ம பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளோட ஓட்டைப் பெட்டியில இருந்த பேய் ஒரே வாரத்துல ஓடிப்போச்சு. புதுப் பெட்டியில இருக்கிற பேய் மட்டும் ஏன் உக்கிரமாவே இருக்கு?"

என்ஜினியர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

அவர்கள் முறை வந்தது. சுவாமிகள் பெட்டிக்குத் திருநீறு பூசி, கீபோர்டை மஞ்சள் துணியால் மூடினார். மஞ்சள் நூல் சுற்றிய பென்டிரைவைச் செருகினார். துணிக்கடியில் விரல்கள் ஏதோ முத்திரை பிடித்தன. திரையில் சிவந்த கண்ணோடு ஒரு மண்டையோடு கெக்கலி கொட்டிச் சிரித்தது. கூட்டம் அலறியது. சுவாமிகள் மந்திரம் முழங்கினார். மண்டையோடு விசும்பியது, ஓவென்று அழுதது, சாம்பலாய்ப் போனது.

"அழுகையில அடக்கம் இல்ல, வஞ்சகம் தெரியுது," என்றார் சுவாமிகள். "உக்கிரப் பேய். வேன்ல ஏத்துங்க." பென்டிரைவைப் பிடுங்கிக் குங்குமத் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார்.

வாசுகி பெட்டியை விடவில்லை. "அப்பா..." என்றாள்.

ஐயாசாமி குனிந்தார். தட்டிலிருந்த பென்டிரைவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 'பக்தி வந்துருச்சு' என்று மருமகன் பூரித்துப் போனார். கிழவர் நேரே நடந்தது, பின்வரிசை ஆட்களுக்கு அபிஷேகம் காட்ட மண்டபத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியிடம். வீட்டில் தினமும் பென்டிரைவில்தான் பழைய பாட்டுப் பார்க்கிறார். எந்த ஓட்டையில் செருகுவது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

டிவியில் மண்டையோடு கெக்கலி கொட்டியது.

"அலமாக்! டிவிக்கும் பேய் பிடிச்சிருச்சு!" என்று பேச்சியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

தியானம் கலைந்த சுவாமிகள் ஒரு கணம்தான் திகைத்தார். "பாத்தீங்களா! பெட்டியிலேர்ந்து தப்பிச்சு டிவிக்குள்ள பாஞ்சிருச்சு! எல்லாரும் கண்ணை மூடுங்க!"

மூடினார்கள். நம் ஜனங்களுக்குக் கண்ணை மூடச் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள்.

"தொறங்கடா!" என்று லோரி ஹாரன் மாதிரிக் கத்தினார் ஐயாசாமி. "இப்ப யாரும் மந்திரம் சொல்லல. என்ன ஆவுதுன்னு பாருங்க."

மண்டையோடு யாரும் கேட்காமலே விசும்பியது. அழுதது. சாம்பலானது.

கிழவர் ரிமோட்டை அமுக்கினார். சாம்பலானது எழுந்து மறுபடி சிரித்தது. இன்னொரு பொத்தானை அமுக்கினார். வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றது.

"சாமி, இப்ப ஓதுங்க. சாம்பலாக்குங்க, பாப்போம்."

சுவாமிகள் ஓதினார். வேர்த்தார். பிளந்த வாய் மூடவில்லை.

"என்ன சாமி, பேய்க்குக் காது கேக்கலையா? சரி, நான் ஓட்டுறேன்." பொத்தானை அமுக்கினார். கணக்காக விசும்பியது. "இது பேயா, படமா?"

முதலில் சிரித்தது வாசுகி. பிறகு மண்டபமே சிரித்தது. சுவாமிகள் வேனைப் பார்த்து ஓடினார். பேச்சியம்மாள் அதற்குமுன் ஓடிப்போய் வேன் கதவைத் திறந்திருந்தாள். கடலில் கரைந்திருக்க வேண்டிய பெட்டிகள் துடைத்து அடுக்கப்பட்டு, விலைச்சீட்டோடு உட்கார்ந்திருந்தன.

மறுநாள் சிகாமட்டில் பிரவீனா சுத்தமான வேறொரு பென்டிரைவிலிருந்து பெட்டியை இயக்கி, வைரசை எடுத்துப் போட்டாள். "பெட்டி எழுந்திருக்கிறப்பவே இதுவும் கூட எழுந்து ஓட ஆரம்பிச்சிரும், ஐயா. ஓடிக்கிட்டிருக்கிறதை ஆன்டிவைரசால அழிக்க முடியல."

"அட, லோரி ஓடுறப்ப டயர் மாத்த முடியுமா? நிறுத்திட்டுத்தானே மாத்தணும்!" என்றார் ஐயாசாமி. என்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணக் கார்டுகளும் ஆண்டு மலரும் அப்படியே இருந்தன.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லையே! அடுத்த வெள்ளிக்கிழமை ஐயாசாமி வீட்டு வாசலில் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு பெட்டி, மூன்று எலுமிச்சம்பழம்.

"அண்ணே," என்றாள் முன்னால் நின்ற பேச்சியம்மாள், பயபக்தியோடு. "அந்த ரிமோட்டைக் கொஞ்சம் என் பெட்டி மேல காட்டுங்களேன்."

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது டிவியை நிறுத்துற பொத்தான், தங்கச்சி. சாமியாரை நிறுத்துற பொத்தான் உன் தலைக்குள்ள இருக்கு. வாங்கின நாள்லேர்ந்து நீ அதை அமுக்கவே இல்ல. போ, போய் ஒரு தடவை அமுக்கிப் பாரு."