டும் அண்ணனின் கறுப்புப் பெட்டி

பினாங்குத் தீவிலேயே பாட்டை வயிற்றால் கேட்ட ஒரே மனிதர் டும் அண்ணன்தான். ஜார்ஜ்டவுனில் எங்கள் வரிசை வீட்டுக்கு அடுத்த வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஸ்டீரியோ வைத்திருந்தார்.

நல்ல ஸ்டீரியோதான். ஆனாலும் அவருக்குக் குறை. "காதுக்கு வருது தம்பி, வயித்துல இறங்க மாட்டேங்குது லா," என்பார், மலேசியப் பேச்சின் அந்த 'லா'வோடு. எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் வேனில் சப்வூஃபர் வந்து இறங்கியது. அடித்தொண்டையில் மட்டுமே பேசும் கறுப்புப் பெட்டி. போட்ட அன்றே எங்கள் சுவரிலிருந்த பல்லி கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எதிர்வீட்டுக்குக் குடிபோனது.

அண்ணனுக்குத் திருப்தியில்லை. பெட்டி இருக்கும் இடம் சரியில்லையாம். அதற்கு ஒரு முறை உண்டாம்: பெட்டியைத் தான் உட்காரும் நாற்காலியில் வைத்துவிட்டு, வீடு முழுக்கத் தவழ வேண்டும். பேஸ் என்கிற அந்த அடிச்சத்தம் எங்கே நன்றாக விழுகிறதோ, அங்கேதான் பெட்டிக்கு இடம். ஹாலில் தவழ்ந்தார், அறையில் தவழ்ந்தார், பின்வாசல் தாண்டி எங்கள் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஏதாச்சும் தொலைஞ்சிருச்சா?"

"இல்லக்கா, பேஸ் தேடுறேன்."

அடுப்புக்குப் பக்கத்தில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "இங்கதான் இருக்கு."

அம்மாவுக்கு யாரையும் மறுக்கத் தெரியாது. ஜன்னல் வழியாக வயர் வந்தது, பின்னாலேயே பெட்டியும் வந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் கடுகு, எண்ணெய் காயும் முன்பே குதித்தது.

என் தங்கையைப் பெண் பார்க்கக் கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முன்பு வந்த வரன்கள் நழுவிப்போனதில் அம்மா கலங்கியிருந்தார். "அண்ணே, இன்னைக்கு மட்டும் பாட்டு வேணாம்," என்று கெஞ்சினேன்.

"நான் ஹெட்போன்ல கேட்டுக்குறேன். ஒரு சத்தம் வராது."

சொன்னபடியே ஹெட்போனை மாட்டினார். பெரிய ஸ்பீக்கர்கள் அடங்கின. எங்கள் சமையலறைப் பெட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா காப்பியைக் கையில் எடுத்தார். டும். கப் நடுங்கியது. டும், டும். மெதுவாக நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு என்னமோ பண்ணுதுங்க."

"அது பக்கத்து வீட்டுப் பாட்டுங்க," என்றேன்.

"பாட்டா? பாட்டு எங்க இருக்கு?"

அதுவரை வாயைத் திறக்காத மாப்பிள்ளை நிமிர்ந்தார். "சப்வூஃபரா?" என்று எழுந்து, சமையலறைக்குள் போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வயரைப் பிடித்தபடியே பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பவே இல்லை. நாங்கள் தேடிப் போனபோது பெட்டி நாற்காலியில் இருந்தது, அவரும் அண்ணனும் ஹாலில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"சோபாவுக்குப் பின்னால வச்சுப் பாருங்கண்ணே," என்றார் மாப்பிள்ளை. வாசலில் நின்ற தங்கை சிரித்துவிட்டாள். அவர் தரையிலிருந்து தலையைத் தூக்கி, "நீங்களும் கேக்குறீங்களா?" என்றார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா இன்னும் நெஞ்சில் கை வைத்திருந்தார். "அப்ப எனக்கு ஒண்ணுமில்லைன்னா, நாள் பார்த்துடலாம்," என்றார்.

பெட்டி சோபாவுக்குப் பின்னால் போனது. கல்யாணம் முடிந்து தங்கையும் போனாள். சத்தமில்லாத சமையலறையில் அம்மா அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தார். டும் அண்ணன் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றார்.

"அங்க சரியா கேக்கல லா அக்கா."

அங்கே அருமையாகத்தான் கேட்டது. நானே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.