ஒரே வீட்டுத் தூக்கம்

தையல் மெஷினை வீட்டை விட்டுக் கிளப்பியே தீருவது என்று டிரைவிங் மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். படுக்கையறையில் ஜன்னலோரம் முழுக்க அதற்கே சொந்தம். அங்கே ஒரு சாய்வு நாற்காலி போட்டு, காலை நீட்டி டி.வி. பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மனைவியிடம் அப்படியா சொல்ல முடியும்? "உன் மெஷின் சத்தத்துல எனக்குத் தூக்கமே போச்சு" என்றுதான் சொல்லிவந்தார். அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் ஆள் தேடிக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தாள். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். நாடித்துடிப்பு, புரளல், முழிப்பு எல்லாம் அதில் பதிவாகும். போகப்போக, நாளைக்கு எப்படித் தூங்குவீர்கள் என்பதை இன்றைக்கே கணித்துவிடலாமாம். மாஸ்டர் முதல் ஆளாகக் கையை நீட்டினார். படித்தவர்கள் வாயால் 'தூக்கமில்லை' என்று வந்துவிட்டால் மெஷின் வெளியே, நாற்காலி உள்ளே.

வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. தலை சாய்த்தால் கட்டையாகக் கிடக்கிற ஆள் அவர். பட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாதே. கண் விழித்துத் தைத்துவிட்டு, விடியுமுன் எழுந்துகொள்கிற ஒருத்தி பக்கத்திலேயே இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இதைக் கட்டினா கை அரிக்குது. கொஞ்ச நாளைக்கு நீ கட்டிக்கிறியா?"

"ஆராய்ச்சி உங்க தூக்கத்துக்குத்தானே?"

"இதுல என்ன உன் தூக்கம், என் தூக்கம்? ஒரே வீட்டுத் தூக்கம்தானே."

மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காலியான ரோட்டில்கூட பிரேக் மேலேயே கால் வைத்திருக்கிற மனுஷன், வீட்டில் கோட்டை விட்டார்.

சில வாரம் கழித்து ஆராய்ச்சிப் பெண் வீட்டுக்கே வந்தாள். மாஸ்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒழுங்கான தூக்கமே இல்ல சார். முழிப்பு மேல முழிப்பு. வர்ற வாரமும் இப்படித்தான் போகும்னு கணிப்பு சொல்லுது. உடம்பு எத்தனை நாள் தாங்கும்?"

"கேட்டுக்கிட்டியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார் மாஸ்டர். "எல்லாம் அந்த மெஷின் சத்தம்."

"மெஷினை நிறுத்திட்டுப் படுத்த பிறகுதான் சார் முழிப்பெல்லாம்" என்றாள் ஆராய்ச்சிப் பெண். "நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஏதோ சத்தம் கேட்டு எழுந்திருக்கிற மாதிரி."

"சத்தம் கேட்டு இல்லம்மா, கேக்காம" என்றாள் மனைவி. "இவர் குறட்டை நடுவுல நின்னுடும். மூச்சே இருக்காது. அது திரும்ப வர்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். டாக்டர்கிட்ட வாங்கன்னு கூப்பிட்டா சிரிப்பார்."

மாஸ்டர் ஆராய்ச்சிப் பெண் பக்கம் திரும்பினார். "பட்டை அவ கையிலதான்னு உங்களுக்கு..."

"மொத நாளே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க சார். உங்க பேரை எடுத்துட்டு அவங்களைச் சேர்த்துக்கிட்டோம். நாலு பேர் உடம்புக்கு உதவப்போற ஆராய்ச்சி. அதுல பொய் கலக்கலாமா?"

மாட்டிக்கொண்ட வெட்கத்தைவிட வேறொன்று அவரை வதைத்தது. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் அவள் கண்ணைக் கசக்கியபோதெல்லாம், "வயசாயிடுச்சு உனக்கு" என்று கேலி செய்திருந்தார். அவள் தூக்கத்தை வருஷக்கணக்காக வாரிக்கொண்டு போனவரும் அவரே. தூக்கம் போச்சு என்று புகார் கொடுத்தவரும் அவரே. "நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். அவள் தலை மெல்ல அவர் தோளில் சாய்ந்தது. அவர் ஆடாமல் அசையாமல் இருந்தார். இந்தத் தூக்கத்தையாவது கெடுக்கக் கூடாது என்று நினைத்தார். உள்ளே ஊசி போடுவார்களோ என்றும் நினைத்தார். நர்ஸ் அவரைக் கூப்பிட வந்தாள்.

"இப்பதான் கண்ணசந்தாம்மா" என்று கிசுகிசுத்தார் மாஸ்டர். "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. அடுத்த ஆளை அனுப்புங்க."

மனைவி கண்ணைத் திறக்கவில்லை.

"நான் தூங்கலை. எழுந்து போங்க."