முப்பதா, நாற்பதா?

"மேடத்துக்கு என்ன வயசு இருக்கும்?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. "எதுக்கு?"

"டெலஸ்கோப்புக்கு ஐபீஸ் தேர்ந்தெடுக்கணும்."

"மேடம் வயசுக்கும் உங்க ஐபீசுக்கும் என்னங்க சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போடும் வரைவாளர் அவர். "சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரோட வர்றேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டுங்க" என்று மேலாளரம்மா சொல்லியிருந்தார். மலைமேல் இருக்கும் கிளைக்கு ஒருவரை மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டதும் அதே வாரம்தான். அடிபட்ட பெயர்கள் இரண்டு: ஒன்று எதிர்மேஜைக்காரர், இன்னொன்று இவர். மலைக்கு நாளுக்கு ஒரே பேருந்து. மனைவிக்கு வேலை இங்கே, மகளுக்குப் பள்ளி இங்கே. சனிக்கிழமை மேடத்தின் மனம் குளிர்ந்தால் குடும்பம் ஓரிடத்தில் இருக்கும்.

கண் வைத்துப் பார்க்கும் லென்சான ஐபீஸ் கண்ணாடிக்கடை நண்பரிடம் முப்பது, நாற்பது மில்லிமீட்டர் என்று இரண்டு இருந்தன; ஒன்றை மட்டும் இரவல் தருவதாகச் சொல்லியிருந்தார். நாற்பது மில்லிமீட்டர் என்றால் கூட்டம் முழுவதும் அகலமாகத் தெரியும். ஆனால் அதிலிருந்து வரும் ஒளிக்கற்றை ஏழு மில்லிமீட்டர் தடிமன். ஐம்பதைத் தாண்டியவர்களின் கண்பாவை இருட்டிலும் ஐந்துக்குமேல் விரிவது அரிது. மிச்ச ஒளி வீண். முப்பது என்றால் ஒளி வீணாகாது, காட்சி கொஞ்சம் குறுகும். முப்பதா, நாற்பதா?

"கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி. அவள் விளையாட்டுக்குச் சொன்னது.

செவ்வாய்க்கிழமை கேட்டார். "மேடம், உங்களுக்கு ஐம்பது ஆயிடுச்சா?"

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது. "ஏன், என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கறீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்! பார்த்தா அறுபது மாதிரி தெரியவே இல்ல."

வெளியே வந்த பிறகுதான் சொன்னது உறைத்தது.

புதன்கிழமை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார். கோப்பை நீட்டி, குனிந்து, மேடத்தின் கண்ணையே உற்றுப் பார்த்தார்.

"என் முகத்துல என்ன இருக்கு?"

"கறுப்பா, வட்டமா..."

மேடம் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அன்று முழுக்க எதிர்மேஜைக்காரர் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்தார்.

அறை வெளிச்சத்தில் பாவை சுருங்கித்தான் இருக்கும் என்பது அன்று மாலைதான் அவருக்கு நினைவு வந்தது. வியாழக்கிழமை மேடத்தின் அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். விளக்கை அணைத்தார்.

"யாருய்யா அது?"

"நான்தான் மேடம். அஞ்சு நிமிஷம் அப்படியே இருங்க. கண்ணு இருட்டுக்குப் பழகணும்."

சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சை ஒரு கையிலும் இரும்பு ஸ்கேலை மறுகையிலும் பிடித்து அவர் மேடத்தின் புருவத்தை நெருங்கிய நேரம், எதிர்மேஜைக்காரர் கதவைத் திறந்தார். பார்த்தார். வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் போனார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? வரைவாளர் ஒளிக்கற்றையிலிருந்து கண்பாவை வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"அளந்தாச்சா?" என்றார் மேடம்.

"அஞ்சு, மேடம்."

"போய் வேலையைப் பாருங்க."

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "கம்பளிப் போர்வை எடுத்து வைக்கவா?" என்றாள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரும்மா. இன்னும் சனிக்கிழமை இருக்கு."

சனிக்கிழமை இருட்டத் தொடங்கியதும் மேடம் கணவரோடு மொட்டைமாடி ஏறி வந்தார். முப்பது மில்லிமீட்டர் ஐபீசை வரைவாளர் மூன்றுமுறை துடைத்துப் பொருத்தியிருந்தார். மேடம் குனிந்தார். நிமிரவே இல்லை.

"எத்தனை!" என்றார் மேடம் கடைசியில். "மண்ணை அள்ளி இறைச்ச மாதிரி எத்தனை! என் கண்ணுக்குன்னே பார்த்துப் பொருத்தியிருக்கீங்களே."

வரைவாளருக்குப் போன உயிர் வந்தது. கைப்பிடிச் சுவரோரம் நின்ற மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவளும் முதல்முறையாகச் சிரித்தாள்.

மேடம் மறுபடி குனிய, கணவர் வரைவாளரின் தோளில் கைபோட்டார். "யாரை அனுப்பறதுன்னு ஒரு வாரமா இவ தவிச்சுப் போயிட்டா, நீங்க ஸ்கேலோட வந்து நின்னதும் முடிவு பண்ணிட்டா, ஒரு தெருவிளக்குகூட இல்லாத அந்த மலை உங்களை மாதிரி ஆளுக்குத்தான் கிடைக்கணும்னு!"