வாசலில் ஒரு வாளித் தண்ணீர்

வில்லாபுரம், திங்கட்கிழமை.

திருமங்கலத்தில் கடையும் கண்ணுமாக இருக்கும் மச்சான் உக்கிரபாண்டி அவர்களுக்கு, ரிட்டயர்டு கண்டக்டர் ராஜபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை மலையம்மாளும் சுகம். அங்கு எல்லோர் சுகமும், மழை உண்டா என்பதும் அறிய ஆவல். போனில் பேசினால் உங்கள் மருமகள் பவதாரிணி காதில் விழும் என்பதால் கடிதம்.

என் மகள் பவதாரிணி எம்.எஸ்ஸி. அனாட்டமி சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. உடற்கூறு என்றதும் படம் பார்த்துப் படிப்பாள் என்றிருந்தேன். செத்தவர் உடம்பையே மேசையில் வைத்து அறுத்துப் படிக்கிறார்களாம். "ஊசி போடுவியா தாயி?" என்றேன். "இல்லப்பா." "மருந்து எழுதுவியா?" "இல்லப்பா, அதெல்லாம் செய்யப்போற டாக்டருக்குப் பாடம் எடுப்பேன். இல்லாட்டி தடயவியல் லேப், மியூசியம், செயற்கைக் கை கால் செய்யிற கம்பெனி, மருத்துவப் புத்தகத்துக்குப் படம் போடுறதுன்னு எம்புட்டோ வேலை இருக்கு." இதில் எதைச் சொல்லி நான் மாப்பிள்ளை தேடுவது?

சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்கு ஊற்றாமல் நாம் படியேறுவோமா? அதனால் வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, தினம் சாயங்காலம் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்றேன், அவளும் ஊற்றிக்கொண்டாள், ஆனால் எதிர்வீட்டு சீனியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, துட்டி வீட்டில் அடுப்பு எரியாதே என்று தூக்குவாளியில் காப்பியோடு வந்து, "யாரு தவறிட்டாக?" என்று மலையம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாளும் காப்பி வந்தது. மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்து, "இன்னிக்கு யாருண்ணே?" என்றாள். போன வெள்ளிக்கிழமை கே.கே. நகரிலிருந்து பொண்ணு பார்க்க வந்தவர்கள் வாளியையும் ஈரத்தலையோடு நின்ற பிள்ளையையும் பார்த்துவிட்டு, தாம்பாளத்தைக் காரைவிட்டு இறக்கவே இல்லை. ஒரு பெரியவர் மட்டும் இறங்கி வந்து என்னிடம் துட்டி கேட்டுவிட்டுப் போனார். நானும் பதற்றத்தில் தலையாட்டிவிட்டேன்.

"பாத்தியா, ஒன் படிப்பு வந்த சம்பந்தத்தத் தொரத்திருச்சு" என்றேன். "படிப்பு எங்கப்பா தொரத்துச்சு? ஒங்க வாளிதான தொரத்துச்சு" என்கிறாள். ஒற்றைப் பிள்ளை. எனக்குப் பிறகு அவளுக்கு யார்? தாய்மாமன் சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து, இந்தப் படிப்பை விட்டுவிட்டு பி.எட். சேரச் சொல்லி முடித்துவையுங்கள்.

உங்கள் வீட்டில் அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும். குலசாமி உங்கள் வாசலில் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
ராஜபாண்டி

பி.கு. (புதன்கிழமை): தபாலில் போடுவதற்குள் பவதாரிணி இதைப் படித்துவிட்டாள். "மாமா வரட்டும்ப்பா. அதுக்கு முன்னாடி ஒரு தடவ நீங்க வந்து பாருங்க" என்று நேற்று கூட்டிப்போனாள். அவளுடைய சாரிடம் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றேன். மேசையில் என் வயசுக்காரர் ஒருவர். கத்தியைத் தொடும் முன்னால் பிள்ளைகள் அம்புட்டுப் பேரும் எழுந்து நின்று, அவர் காலடியில் பூ வைத்துக் கும்பிட்டார்கள். "யாரு தாயி இவரு?" "எங்க மொத வாத்தியாருப்பா. உசுரோட இருக்கையிலேயே தன் ஒடம்ப எழுதிக் குடுத்திருக்காரு." முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் என் முன்னால் நின்றவர்கள் எல்லாம் சீட் கிடைக்காமல் நின்றவர்கள்தான், மச்சான். அழுதுவிட்டேன். நானும் அந்த உடல்தான ஃபாரத்தை வாங்கி நிரப்பிவிட்டேன், சாட்சிக் கையெழுத்து ஒன்று குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். வாளியை உள்ளே எடுத்து வைத்தாயிற்று. ஃபாரம் விஷயத்தை உங்கள் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. அதையும் நீங்களே சொல்லி முடித்துவையுங்கள்.