ஆபரேஷன் பலகையில் நான் எழுதிய ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் சுகமென்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை.

சிசேரியன் பெருகிவிட்டதென்று தாங்கள் அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். அரைப்பக்கம் எந்த மூலைக்கு? மகளைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி வராந்தாவில், ஊரிலிருந்து ரயிலேறி வந்து நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் பிறந்த ஒன்பது குழந்தைகளில் ஏழு கத்தியால்தான். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாததால் வருகிற போகிறவர்களையெல்லாம் பிடித்து விசாரித்தேன். ஒருத்திக்கு முதல் பிரசவம் ஆபரேஷனாம், அதனால் இதுவும் அப்படித்தானாம். இன்னொருத்தி போனில் பிரசவ வீடியோவில் யாரோ அலறுவதைப் பார்த்து மிரண்டுபோய், "வலியே வேணாம் தாத்தா, கிழிச்சு எடுத்துடட்டும்" என்கிறாள். நான் இன்னும் தாத்தாவே ஆகவில்லை, அவசரம் பாருங்கள்!

டாக்டரம்மாவை லிஃப்ட் வாசலில் மடக்கினேன். "ஐயா, வலி வந்து பிறக்கணும்னா பதினாறு மணி நேரம்கூட ஆகும். கூட உக்கார நர்சு பத்தல. மயக்க டாக்டர் நாலு ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர். நடுவுல குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தக் கண்ணாடிக் கதவை உடைக்கிறது யாரு? உங்களை மாதிரி அப்பாக்கள்தான். உங்க பொண்ணு விஷயத்தை அவகிட்டயே கேளுங்க" என்றார். நான் கேட்கவில்லை. பச்சைப்பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?

குழந்தை தலைகீழாகச் சரியாக இருக்கிறது, ரத்த அழுத்தமும் சரி, அவள் கேஸ் தாளில் நானே படித்தேன். அப்படியிருக்கக் காலை பத்து நாற்பதுக்குக் கத்தியாம்! அவள் அம்மா இருந்திருந்தால் விட்டிருப்பாளா? அவள் போய் நாலு வருடமாகிறது. வீட்டில் இதையெல்லாம் சொல்ல சுவர்தான் இருக்கு, அதான் தங்களுக்கு எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை, நடுக்கடல்ல இருக்கார். தட்டிக் கேக்க நான் ஒருத்தன்தானே? வராந்தாவுல யாருக்கு எத்தனை மணிக்குன்னு எழுதுற ஆபரேஷன் பலகை, பக்கத்துலயே மார்க்கர் பேனா. முப்பத்திரண்டு வருஷக் கை சும்மா இருக்குமா? மகள் பேருக்கு நேரா இருந்த 10.40-ஐ அழிச்சுட்டு, டிப்போவுல எழுதுற மாதிரியே கொட்டை எழுத்துல 'தாமதம்'னு போட்டுட்டு உக்காந்துட்டேன். மயக்க டாக்டர் வந்தார், பலகையைப் பார்த்தார், வந்த வழியே போயிட்டார்! இனிமே வலி தானா வந்துடும், பாருங்க.

தங்கள் குடும்பத்து வயிறுகள் அனைத்தும் தையல் காணாமல் நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கர்ப்பிணியின் தகப்பன்

பி.கு.: தயவுசெய்து இதை அச்சேற்ற வேண்டாம். நர்சு வந்து, காதைத் திருகாத குறையாக என்னை உள்ளே இழுத்துப்போனாள். மகள் திட்டவில்லை, அழுதுகொண்டிருந்தாள். "டாக்டர் வலி வரட்டும்னுதான்பா சொன்னாங்க. நான்தான் கெஞ்சித் தேதி வாங்கினேன். அந்த ஃப்ளாட்டுல தனியா இருக்கும்போது வலி வந்தா யாரைக் கூப்பிடுவேன்? தேதி தெரிஞ்சா நீங்க முன்னாடியே ரயிலேறி வந்துடுவீங்கல்ல?" என்றாள். மயக்க டாக்டர் இனி நாலு மணிக்குத்தானாம், அதுவரை பக்கத்திலேயே இருக்கச் சொல்கிறாள். "ஒரு போன் போட்டிருந்தா ஒரு மாசம் முன்னாடியே வந்து கிடந்திருப்பேனேம்மா" என்றேன். "உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நினைச்சேன்பா" என்கிறாள். நாலு வருடமாக நானும் அதையே நினைத்துத்தான் ஐயா, அவளுக்குப் போன் போடாமல் இருந்தேன்.