தொதலுக்குப் போய்ப் பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தனான்

இண்டைக்கு வேலை ஒண்டே ஒண்டுதான். டிப்போவுக்குப் போய்த் தொதல் எடுத்துக்கொண்டு வாறது.

கிண்ணியாவில இருக்கிற என்ர சிநேகிதன் நசீர், தேங்காய்ப்பாலும் சக்கரையும் விட்டுக் கிண்டின தொதலில ஒரு கிலோ பார்சல் கட்டி டவுனுக்கு வாற பஸ்ஸில குடுத்து விட்டிருந்தவன். மனிசியின்ர தகப்பனுக்குப் பிறந்தநாள். மாமா ஒரு தொதல் பைத்தியம். போன தைப்பொங்கலுக்குக் கொண்டு வாறன் எண்டு வாய் கிழியச் சொல்லிப்போட்டு, வெறுங்கையோட போய் நிண்டனான். அண்டைக்குப் பிறகு மனுசன் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்ல!

"இந்த முறையும் பிழைச்சுதெண்டால் நானும் கதைக்கமாட்டன்," எண்டாள் மனிசி.

ரெண்டு மணி பஸ்ஸில குச்சவெளிக்கு, மாமா வீட்டுக்குப் போக வேணும். கிண்ணியாவால வாற அதே பஸ்தான், டிப்போவில நிண்டு இளைப்பாறிப்போட்டுப் பிறகு குச்சவெளிக்கு ஓடும்.

டிப்போ இப்ப பழைய டிப்போ இல்ல, கண்டியளோ. எல்லாம் வயர் இல்லாத நெட்வேர்க். ஒவ்வொரு பஸ்ஸிலயும் ஒரு பெட்டி. பெட்டி கிட்ட வந்தால் கேற் தானாத் திறக்கும். பஸ் கழுவுற மெஷின் தானாத் தண்ணி அடிக்கும். பஸ் எங்க நிக்குதெண்டு சனத்தின்ர போனில தெரியும். பெட்டி இல்லாட்டி கேற் அசையாது, ஆர் வந்து நிண்டாலும்!

டிரைவர் சிவராசா அண்ணை மர நிழலில சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். "சீற்றுக்குப் பின்னால கொழுவியிருக்கு, எடுங்கோ தம்பி!" எண்டார்.

எடுத்தன். சொப்பிங் பை, ரெண்டு சுத்து, இறுக்கின முடிச்சு, நல்ல கனம். தொதலேதான்! பக்கத்தில இன்னொரு பையும் தொங்கினது. அது ஆற்றயோ எண்டு தொடாமல் விட்டிட்டன். என்ர நேர்மையை நானே மெச்சிக்கொண்டு வெளிக்கிட்டன்.

ரெண்டு மணிக்கு நானும் மனிசியும் பஸ் ஹோல்ட்டில. அவள் போனைப் பாத்தாள்.

"பஸ் வந்திட்டுதாம்."

"எங்க?"

"இஞ்சதானாம். ஹோல்ட்டில நிக்குதாம்."

ரோட்டில, எங்கட டவுனில மாடு மாதிரித் திரியிற மான் ஒண்டுதான் நிண்டது.

பக்கத்தில நிண்ட ரீச்சர் ஒராள் தன்ர போனைக் காட்டினா. "ஓம், எனக்கும் அப்பிடித்தான் காட்டுது." அவ்வளவுதான், இருந்த சனமெல்லாம் எழும்பி, இல்லாத பஸ்ஸுக்கு லைன் கட்டத் தொடங்கிட்டுது!

எனக்கு வெயில் தாங்கேலாது. எதிர்ப்பக்க வேப்பமரத்துக்குக் கீழ போய் நிண்டன்.

"ஐயோ, பஸ் ரோட்டைக் கடக்குது!" எண்டு ரீச்சர் கத்தினா. சனம் முழுக்க என்னட்ட ஓடி வந்தது. எனக்கென்ன விளங்கும்? சனநெரிசல் எண்டு திரும்பி ஹோல்ட்டுக்கே போனன்.

"திரும்பி வருகுது!"

சனமும் திரும்பி ஓடி வந்தது.

மனிசி ஒருக்காப் போனைப் பாத்தாள். ஒருக்கா என்னைப் பாத்தாள். "அந்தப் பையை அவிழுங்கோ."

அவிழ்த்தன். கறுப்புப் பெட்டி ஒண்டு பச்சை லைற்றால கண்ணடிச்சுது.

"என்னப்பா இது?"

"பஸ்," எண்டன்.

ஓட்டோ பிடிச்சு டிப்போவுக்குப் பறந்தம். கேற் மரியாதையாத் திறந்து விட்டது. அடுத்தது கழுவுற மெஷின்! நாலு பக்கத்தாலயும் சவர்க்காரத் தண்ணி. ஓட்டோக்காரர் ஏசின ஏச்சை இதில எழுத ஏலாது.

உள்ளுக்கு, பெட்டி இல்லாமல் கேற் தாண்ட ஏலாத குச்சவெளி பஸ் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிக்குது. சிவராசா அண்ணை தலையில கை வைச்சபடி.

"கடல்காத்துக்கு உப்புப் பிடிக்குமெண்டு நான்தான் சொப்பிங் பையில சுத்திக் கொழுவினனான் தம்பி. எங்கட வீட்டு ரிவி ரிமோட்டும் அப்பிடித்தான்."

ஏசுவம் எண்டு பாத்தால், எங்கட வீட்டு ரிமோட்டும் அப்பிடித்தான்.

பெட்டியைக் குடுத்திட்டு, நான் தொடாமல் விட்ட மற்றப் பையை எடுத்தன். நனைஞ்ச உடுப்போட, தொதலை மடியில வைச்சுக்கொண்டு போய்ச் சேர அஞ்சு மணி. விருந்துக்கு வந்த சனம் போயிட்டுது. எனக்கு அழுகை வராத குறை.

"பஸ் பிந்திப்போச்சு மாமா," எண்டு பார்சலை நீட்டினன்.

மாமா பிரிச்சு ஒரு துண்டு வாயில போட்டார். ஆறுதலாச் சப்பினார். தைப்பொங்கலுக்குப் பிறகு முதல் தரமா என்னோட கதைச்சார்.

"பொய் சொல்லாதேங்கோ தம்பி. ரெண்டு மணிக்கே பஸ் ஹோல்ட்டுக்கு வந்தது. நான் போனில பாத்துக்கொண்டிருந்தனான். உங்களுக்காகக் காத்தும் நிண்டது!"

மாமா சொன்னது பொய்யில்ல. நிண்டது நான்தானே.