சம்பந்திக்குக் காய்ச்சல்

மனிதர்களை "டேய்" என்றும் மலைப்பாம்பை "வாங்க, போங்க" என்றும் கூப்பிட்ட ஒரே அரசாங்க உத்தியோகஸ்தர் எங்கள் கம்பளி ஓவர்சியர்தான். கொல்லிமலையில் மட்டுமல்ல, அன்றைய ராஜதானி முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொருவர் கிடைத்திருக்க மாட்டார்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து மேலே ஏறுகிற பாதை மழையில் கரைந்து போகாமல் பார்த்துக்கொள்வது ஓவர்சியர் வேலை. ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்து போகும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவர் அதை மறுபடி போடுவார். "நான் போட்ட பாதையில நடந்தவனை உட வழுக்குனவன்தான்டா சாஸ்தி" என்று அவரே சொல்லுவார்.

நான் காட்டிலாகா ஆபீசில் குமாஸ்தா. கல்யாணமாகாதவன். அவருக்கும் எனக்கும் ஒரே கட்டடத்தில் இரண்டு குடித்தனம், நடுவில் ஒரு மண் சுவர். மேலதிகாரிகளுக்கு ஒரு ஆளைப் பிடிக்கவில்லை என்றால் கொல்லிமலைக்கு மாற்றிவிடுவார்கள். மீதியை மலைக்காய்ச்சல் பார்த்துக்கொள்ளும். எங்களில் பலர் அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான்.

ஓவர்சியரின் நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. சித்திரை வெயிலிலும் ஒரு கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டே திரிவார். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது எனக்கும் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்கும் நெடுநாள் சந்தேகம். மூலையில் புத்தம் புதிதாக ஒரு பெரிய வெண்கல அண்டா கவிழ்ந்து கிடக்கும். அவர் குளிப்பதோ ஒரு சீமெண்ணெய் டின்னில். ஒருமுறை அந்த அண்டாவை இரவல் கேட்டேன். "தொட்டீன்னா கையை ஒடிச்சுருவேன்" என்றார். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பாம்பு வந்த கதை இதுதான். பாதைக்கு நடுவே கிடந்த பாறையை மருந்து வைத்துத் தகர்த்தபோது, இடுக்கிலிருந்து முழங்கை நீளத்தில் ஒரு மலைப்பாம்புக் குட்டி விழுந்தது. கூலிக்காரர்கள் கடப்பாரையை ஓங்கினார்கள். இவர் கம்பளியோடு அதன் மேல் விழுந்து, சுருட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வெடிமருந்து வந்த மரப்பெட்டியில் ஒரு பக்கம் கம்பிவலை அடித்து அதை உள்ளே விட்டார். அது வளர்ந்தது. வளர்ந்ததென்றால், முதலில் கைப்பருமன், பிறகு தொடைப்பருமன்.

"இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"சம்பந்தி."

"சம்பந்தியா?"

"பின்னே? வந்தாரு, கோழி கேட்டாரு, சாப்பிட்டாரு. இப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பேசாமப் படுத்திருக்காரு. மறுபடி பசிச்சாத்தான் தலையத் தூக்குவாரு. சம்பந்திக்கு வேற என்னடா லட்சணம் வேணும்?"

சம்பந்தி என்று ஒருவர் இருந்தால் வீட்டில் பெண்ணோ பிள்ளையோ இருக்க வேண்டுமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சம்பந்தி ஒருமுறை பெட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியூர் போனார். ஆஸ்பத்திரியில் மருந்து மிக்சர் ஜாடிக்குப் பின்னால் சுருண்டிருந்தார். கம்பவுண்டர் ஜாடியை நகர்த்தினார். அன்று காய்ச்சலோடு வந்திருந்த அத்தனை பேரும் மருந்தில்லாமலே குணமாகி ஓடிப்போனார்கள். அன்றிலிருந்து மூடியின் மேல் அம்மிக் குழவி ஏறி உட்கார்ந்தது. அதனால் ஓவர்சியர் வீட்டில் சட்னி நின்றுபோனது.

இன்னொரு நாள் பாதையைப் பார்வையிட மேலதிகாரி ஒருவர் டோலியில் வந்தார். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி, அதற்கும் மூன்று கால். அதனால் பெட்டியின் மேல் குழவியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"எந்திரிங்க, எந்திரிங்க! சம்பந்தி தூங்கறாரு!" என்று பதறினார் ஓவர்சியர்.

சம்பந்தி உள்ளறையில் தூங்குவதாக நினைத்து, அதிகாரி மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எந்த ஊர் சம்பந்தி?"

"இதே மலைதானுங்க."

"எப்போ எழுந்திருப்பார்?"

"முழுக்கோழியா சாப்பிட்டிருக்காருங்க. நாலஞ்சு நாள் ஆகும்."

அப்போது அதிகாரிக்குக் கீழே பெட்டி புஸ்ஸென்று மூச்சு விட்டது. வந்தவர் டோலியில் ஏறாமலே மலையிறங்கினார். டோலிக்காரர்கள் காலி டோலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

சிரித்ததெல்லாம் அதோடு சரி. அந்த வருஷம் ஐப்பசி மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. மார்கழியில் பனிமூட்டம் வாசற்படி வரை வந்து நின்றுகொண்டது. மலைமேல் திருப்புலி நாட்டு ஊர்களில் சாமை அறுக்க ஆளில்லை. வீட்டுக்கு வீடு ஒருவர் படுத்திருந்தார். பறைச் சத்தம் கேட்டால் யார் என்று விசாரிப்பதைக்கூட நிறுத்திவிட்டோம்.

மலையில் எங்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். ஜன்னலைச் சாத்து, கணப்பைப் போடு, கம்பளியைப் போர்த்து, கொய்னா மருந்தைக் கொடு. பச்சைத் தண்ணீரை மட்டும் கண்ணில் காட்டாதே. காய்ச்சலுக்கும் இதுதான், கால் சுளுக்குக்கும் இதுதான்.

அந்த மார்கழியில்தான் சம்பந்தி கோழியைத் தொடவில்லை. மினுமினுத்த உடம்பு சாம்பல் பூத்துப்போனது. கண் இரண்டும் நீர்மோர் நிறத்துக்கு வந்தன. பெட்டி மூலையில் தலையைச் செருகிக்கொண்டு கிடந்தார்.

ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டார், நான் கம்பவுண்டரைக் கூப்பிட்டேன். கம்பவுண்டர் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே பரிசோதித்தார்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்குதுடா."

"அப்போ குளிர்காய்ச்சல்தான். சந்தேகமே இல்லை."

பாம்பு சட்டை உரிக்கும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த மாதத்தில் யாருக்கு எது வந்தாலும் எங்கள் புத்திக்குக் காய்ச்சல் ஒன்றுதான் எட்டியது. பெட்டிக்கு இரண்டு பக்கமும் கணப்புச் சட்டி வைத்தோம். மேலே கோணிகளைப் போர்த்தினோம். தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்தோம். கொய்னாவைக் கோழிக்குஞ்சின் வாயில் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தார் ஓவர்சியர். சம்பந்தி கோழிக்குஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிஞ்சிய மருந்தை வீணாக்க மனமில்லாமல் ஓவர்சியரே குடித்துவிட்டு நாள் முழுக்கக் காது அடைத்துக் கிடந்தார்.

சம்பந்திக்கு நாளுக்கு நாள் மோசமானது. தோல் முழுசாக வரவில்லை. வெங்காயச் சருகு போலத் துண்டு துண்டாக வெடித்து, பாதி ஒட்டியும் பாதி தொங்கியும் நின்றது. வால் நுனியில் காய்ந்த தோல் மோதிரமாக இறுகி, அதற்குக் கீழே கறுத்துவிட்டது. கண் வெளுப்பு போகவில்லை. யாராவது பக்கத்தில் போனால் கண் தெரியாமல் பெட்டிப் பலகையை முட்டினார்.

"காய்ச்சல் முத்தித் தோலில் இறங்கிடுச்சு. இன்னொரு சட்டி நெருப்பு வைங்க" என்றார் கம்பவுண்டர்.

ஓவர்சியர் வைத்தார். அவர் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பாதை தன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம், தூறலில், குச்சிக்கிழங்கு வேகவைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். குழவி கீழே உருண்டு கிடந்தது. பெட்டி காலி. ஓவர்சியர் தரையில் உட்கார்ந்து மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டு இடுக்கில் மழைநீர் சொட்டுகிற மூலை அது. சம்பந்தி எப்படியோ தடவித் தடவி அங்கே போய்ச் சேர்ந்து, நனைந்த மண்சுவரில் வாயை வைத்துக்கொண்டு கிடந்தார்.

"அங்க பாருடா" என்றார் ஓவர்சியர். சொட்டு விழுந்த இடத்தில் முதுகுத்தோல் ஒரு சாண் அகலத்துக்குத் தானாகக் கழன்றிருந்தது. அடியில் புதுத்தோல் பளபளத்தது.

"காய்ச்சல் இல்லடா இது. அவரு சட்டை கழட்டப் பாக்கறாரு. நாம கழட்ட உடாம அடுப்புல வெச்சு வாட்டிக்கிட்டு இருக்கறோம். தண்ணிக்குத் தவிச்சிருக்காருடா."

பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"என்ற புள்ளையும் தண்ணிதான்டா கேட்டுது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ வர்றதுக்கு முன்னாடி. இதே ஊடுதான். பெஞ்சாதி முன்னயே போயிட்டா. புள்ளைக்கு ராசிபுரத்துல மாப்பிள்ளை பேசி முடிச்சாச்சு. மார்கழி கழியட்டும்னு இருந்தோம். காய்ச்சல் வந்துருச்சு. சன்னலச் சாத்தினேன், நெருப்புப் போட்டேன், இந்தக் கம்பளியத்தான் போத்தினேன். அப்பா ஒரு வாய் தண்ணின்னு கேட்டுதுடா. பச்சத்தண்ணி ஆகாதுன்னாங்க. நான் குடுக்கலை. கேட்டுக் கேட்டு, கேக்கறதையும் உட்டுருச்சு."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். கிழங்குத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் எழுந்து கணப்புச் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் கொட்டினார். ஜன்னல்களை விரியத் திறந்தார். பிறகு மூலைக்குப் போய் அந்த வெண்கல அண்டாவை நிமிர்த்தினார்.

"அது எதுக்குங்க?" என்றேன்.

"புள்ளைக்குச் சீர் குடுக்க வாங்கினதுடா. சீரு சம்பந்திக்குத்தான் போகோணும். எனக்கு வேற சம்பந்தி யாரு இருக்காங்க?"

அண்டாவில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விளாவினோம். சம்பந்தியை இரண்டு பேரும் தூக்கி அதில் இறக்கினோம். முதலில் திமிறினார். பிறகு தலையைத் தண்ணீரில் வைத்துக் குடித்தார், குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். "மெதுவாக் குடிங்க சாமி. யாரும் புடுங்க மாட்டாங்க" என்று ஓவர்சியர் அண்டா ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பவுண்டர் ஜன்னலண்டை ஓடி வந்தார். "பச்சைத் தண்ணியா? ஜன்னி கண்டுடும்!"

"கண்டா எனக்குக் காணட்டும் போடா!"

அப்புறம்தான் எங்கள் நெடுநாள் சந்தேகம் தீர்ந்தது. ஓவர்சியர் கம்பளியைக் கழற்றினார். அதைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாகப் போட்டு, உரசிக்கொள்ள அம்மிக் குழவியையும் உள்ளே வைத்தார். கம்பளி இல்லாமல் நின்ற ஆள் விலா எலும்பு தெரிய இத்துனூண்டு இருந்தார். இத்தனை காலம் நாங்கள் பார்த்துப் பயந்ததில் பாதி கம்பளிதான்.

சம்பந்தி ஈரக்கம்பளி மடிப்புகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தோலை உள்ளே விட்டுவிட்டு வந்தார். வால் மோதிரத்தை ஓவர்சியர் நனைத்து நனைத்து, விரலால் உருட்டி எடுத்தார். கண்ணை மட்டும் தொடவில்லை; "அவரே பாத்துக்கட்டும்" என்று காத்திருந்தார். மறுநாள் காலையில் சம்பந்தி குழவியில் முகத்தைத் தேய்த்தார். முகத்தோல் உரிந்தது. அதில் வட்டமாக இரண்டு சின்னச் சில்லுகள் ஒட்டியிருந்தன.

"கண்ணாடியக் கழட்டிட்டாருடா! என்னையப் பாக்கறாருடா!" என்று ஓவர்சியர் கத்தியது பெரக்கரை நாடு வரைக்கும் கேட்டிருக்கும். பாம்பு யாரையும் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கம்பளி காயவே இல்லை. அந்தப் பனியில் எது காயும்? வெறும் வேட்டித்துண்டோடு இருந்த ஓவர்சியர் பொங்கலுக்கு முன்னால் படுத்தார். கம்பவுண்டர் வந்து ஜன்னலைச் சாத்தினார். "தொறந்து உடுடா" என்றார் ஓவர்சியர். திறந்தேன். "தண்ணி" என்றார். நான் கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சொம்பு நிறையக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "நல்லாயிருக்குதுடா" என்றார்.

அவரைக் கீழே கொண்டுபோக டோலி வந்தது. ஏறுவதற்கு முன் பெட்டியைத் திறந்துவிடச் சொன்னார். சம்பந்தி வெளியே வந்து, புதுச்சட்டை மினுங்க, மிளகுக்கொடி ஓரமாக ஓடைப்பக்கம் இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தியாடா? வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லலை" என்று சிரித்தார் ஓவர்சியர். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்டா உன்கிட்ட இருக்கட்டும் கண்ணு. பொண்ணு பொறந்தாக் குடு."

அவர் என்னை 'டேய்' போடாமல் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். கீழே போனவர் திரும்பவில்லை. புது ஓவர்சியர் வந்து சேர்ந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

எனக்குப் பெண் பிறந்தது. அதன் கல்யாணத்தில் சீர்வரிசை பரப்பியபோது, புதுப் பாத்திரங்களுக்கு நடுவில் அந்தப் பழைய வெண்கல அண்டாவைக் கண்டு மாப்பிள்ளையின் அப்பா முகம் சுளித்தார்.

"இது என்னங்க சம்பந்தி, பழசு?"

"அது பொண்ணோட பெரியப்பா சீருங்க" என்றேன்.